லாரி மேலே கார், கார் மேலே ஆசை
சித்தப்பா பதில்கள்

கணினிக்காரர், ஹூஸ்டன்
கே: சித்தப்பா, 1972-ஆம் ஆண்டு ஷெவ்ரலே சி-30 ரேம்ப் லாரி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பின்னால் சாய்தளம், மேலே ஒரு கார் ஏறும். பார்த்தவுடனே மனசு போய்விட்டது. வாங்கலாமா?
ப: மனசு போனது லாரியின் மேல்பாதியைப் பார்த்து. பழைய வேட்டி ஒன்றை விரித்துக் கீழே படுத்து அரை மணி நேரம் பாருங்கள். டெக்சாஸில் வேட்டி கிடைக்காவிட்டால் பெட்ஷீட். எழுந்த பிறகும் மனசு திரும்பி வராவிட்டால் வாங்கலாம்.

கல்லூரி மாணவி, திருச்சி
கே: ரேம்ப் லாரி என்றால் ரோட்டில் நோ பார்க்கிங் காரைத் தூக்கிப் போகிறதே, அதுவா?
ப: அது கொக்கி போட்டுத் தூக்கும் வண்டி. ரேம்ப் லாரி வேறு சாதி. சுமார் ஒரு டன் பாரம் என்று பெயர் வைத்து விற்ற லாரியின் சேஸை நீட்டி, கேபினுக்குப் பின்னால் திறந்த தளம் போட்டு, பின்கோடியைச் சரித்து, இரண்டு ஏறுபலகைகளைச் செருகினால் ரேம்ப் லாரி. 1960, 70-களில் அமெரிக்காவின் டிராக் (நேர்கோட்டுப் பாய்ச்சல்) ரேஸ்காரர்கள் இதில்தான் ஊர் ஊராகப் போனார்கள்.
இன்றைய மீட்பு வண்டியில் தளமே பின்னால் நகர்ந்து சாய்ந்து தரையைத் தொடும்; ஹைட்ராலிக் உபயம். ரேம்ப் லாரியில் தளம் அசையாது. அங்கே ஹைட்ராலிக், உங்கள் முதுகு.

ரேஸ் பிரியர், கோவை
கே: பேர் வாங்கிய ரேம்ப் லாரிகள் உண்டா?
ப: டான் புருடோம், டாம் மெக்யூவன் என்று இரண்டு டிராக் ரேஸ்காரர்கள். ஒருவருக்குப் பட்டப்பெயர் பாம்பு, இன்னொருவருக்குக் கீரி. 1970-இல் மேட்டல் பொம்மைக் கம்பெனி இருவரையும் தன் ஹாட் வீல்ஸ் விளம்பரத்துக்குப் பிடித்துப் போட்டது. பாம்புக்கு மஞ்சள் பாரகுடா கார், கீரிக்குச் சிவப்பு டஸ்டர் கார். ஆளுக்கொரு டாட்ஜ் ரேம்ப் லாரி, அதே நிறத்தில். ரேஸ் பார்க்கப் போன சனம் லாரியையும் பார்த்தது. வீட்டுக்கு வந்த பிள்ளைகள் பொம்மை கேட்டு அழுதன.
நம்மூர்ச் சந்தையில் பாம்பு-கீரிச் சண்டை விடப் போவதாகச் சொல்லியே தாயத்து விற்பார்கள், சண்டை மட்டும் நடக்காது. அவர்கள் சண்டையையும் விட்டார்கள், தாயத்தையும் விற்றார்கள்.

மெக்கானிக், பொள்ளாச்சி
கே: ஐம்பது வயசு லாரியை வாங்கும்போது முதலில் எதைத் தட்டிப் பார்ப்பீர்கள்?
ப: சேஸ். மற்றதெல்லாம் மாற்றக்கூடிய உறுப்பு. சேஸை மாற்றினால் அது வேறு லாரி.
நீட்டுவதற்காக வெட்டி ஒட்டிய இடத்தைத் தேடுங்கள். சேஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளையோ குறுக்கு வெல்டிங்கோ இருந்தால் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்புங்கள். பாரம் ஏறி சேஸ் வளையும்போது இழுப்பும் அழுத்தமும் உச்சத்தில் இருப்பது அந்த இரண்டு விளிம்புகளில்தான். துளை போட வேண்டுமானால் நடுச்சுவரில் போடுவது பட்டறை தர்மம்.
இன்னொன்று. லாரி முழுக்கத் துரு, சேஸ் மட்டும் பளபளவென்று புதுக் கறுப்பு என்றால், பெயிண்ட் அடித்தவருக்கு ஏதோ தெரியும்.

கணினிக்காரர், ஹூஸ்டன் (இரண்டாம் கடிதம்)
கே: படுத்துப் பார்த்தேன், சேஸ் தேறிவிட்டது. எஞ்சின் 350 கன அங்குலம், களைத்துப் போயிருக்கிறது. எடுத்துவிட்டு 454 போடவா, கம்மின்ஸ் டீசல் போடவா?
ப: பிரேக் போடுங்கள்.
மூன்று டன் லாரி மேல் ஒன்றரை டன் கார் ஏறினால், நிறுத்தும்போது பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்கு. வேகத்தை 40 மைலிலிருந்து 60 ஆக்கினால் அது மேலும் இரண்டேகால் மடங்கு. பெரிய எஞ்சின் போட்டவர் பாரத்தையும் ஏற்றுவார், வேகத்தையும் ஏற்றுவார். ஆகவே வீல் சிலிண்டர், டிரம், உள்ளே ஊதிப்போன ரப்பர் குழாய், மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர். 1960-களின் நடுவில் வந்த லாரியானால் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறைதான் இருக்கும். எங்கே ஒழுகினாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. இரட்டை அறைக்கு மாற்றுங்கள்.
இவ்வளவுக்குப் பிறகும் கையில் காசு இருந்தால், அப்புறம் எஞ்சின். 454-ஐப் போட்டவர் மைலேஜ் பார்க்கக் கூடாது. பெட்ரோல் பங்க்காரர் பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டதாக எண்ணி ஆறுதல் அடைய வேண்டும். 5.9 லிட்டர் கம்மின்ஸ், 1989-இல் டாட்ஜ் பிக்கப்பில் வந்தது, 160 குதிரைசக்தி, கழுதை உழைப்பு. ஆனால் எடை சுமார் 500 கிலோ, உங்கள் 350-ஐப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. முன் ஸ்பிரிங் பட்டையிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.
டீசல் போட்டால் பூஸ்டரும் வேலை செய்யாது. பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தை வைத்துத்தான் பழைய பூஸ்டர் பிழைக்கிறது. டீசலில் அந்த வசதி இல்லை. தனி வேக்குவம் பம்ப் வைக்கலாம். இல்லாவிட்டால் பவர் ஸ்டியரிங் பம்பின் அழுத்தத்தில் இயங்கும் பூஸ்டர். பார்த்தீர்களா, எஞ்சின் கேட்டீர்கள், மறுபடி பிரேக்குக்கே வந்து நின்றோம்.

அவர் மனைவி, அதே ஹூஸ்டன்
கே: சித்தப்பா, அவரை ஏற்றிவிடாதீர்கள். அந்த லாரியில் ஏற்றுவதற்கு எங்களிடம் காரே இல்லை!
ப: தாயி, கவலை வேண்டாம், வந்துவிடும். லாரி வந்து ஒரு மாதத்தில் “காலியா நிக்குதே” என்று ஒரு பழைய கமேரோ. கமேரோ மழையில் நனைகிறதே என்று ஒரு கொட்டகை. கொட்டகைக்கு இடம் போதவில்லை என்று ஊருக்கு வெளியே வீடு.
ஒரே வழி, சாவியை நீங்கள் வாங்கி ஓட்டுங்கள். அவருக்கு ஆசை அன்றைக்கே விட்டுப்போகும். உங்களுக்கு ஆசை வந்துவிட்டால் நான் ஜவாப்தாரி அல்ல.

பிளஸ் டூ மாணவன், விருதுநகர்
கே: ஏறுபலகை எவ்வளவு நீளம் வேண்டும் என்று எப்படிக் கணக்கிடுவது?
ப: தளம் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் என்று வை. பலகை மூன்று மீட்டர் என்றால் சாய்வு சுமார் 19 டிகிரி; 1,500 கிலோ காரை இழுக்க 500 கிலோ இழுப்பு, உராய்வு தனி. பலகை ஆறு மீட்டர் என்றால் இழுப்பு 250 கிலோ, ஆனால் இரண்டு மடங்கு தூரம் இழுக்க வேண்டும். இயற்பியல் தள்ளுபடி தராது தம்பி, தவணை மட்டும் தரும்.
19 டிகிரியில் இன்றைய தாழ்ந்த கார்களின் மூக்கு பலகையில் முத்தமிடும். அதனால்தான் பலகைக்கு முன்னால் மரக்கட்டைகளை அடுக்குகிறார்கள். அதையும் மீறி ஏறிவிட்டால், பலகை முடிந்து தளம் தொடங்கும் முனையில் வயிறு தட்டும். ஏற்றத்தில் மூக்கு, உச்சத்தில் வயிறு. பதவிக்கு வந்தவர்களுக்கும் இதுவே வரிசை.

கோயில் ஆர்வலர், தஞ்சாவூர்
கே: பெரிய கோயில் விமானத்துக்குச் சாரப்பள்ளத்திலிருந்து சாய்தளம் போட்டுக் கல் ஏற்றினார்களே, அதுதானே உலகின் முதல் ரேம்ப்?
ப: சாரப்பள்ளம் செவிவழிக் கதை, சாய்தளம் இருந்திருக்க வேண்டும் என்பது நியாயமான ஊகம், முதல் என்பது நம் பாசம். கோயில் முடிந்தது 1010-இல். எகிப்தின் ஹட்னுப் கல்குவாரியில் செங்குத்துச் சாய்தளமும் இருபக்கப் படிகளும் தூண் நட்ட குழிகளும் 2018-இல் வெளிச்சத்துக்கு வந்தன. வயது 4,500 ஆண்டு. ராஜராஜனுக்கு வேறொரு பெருமை உண்டு: தகுதிச் சான்று (எஃப்.சி.) காட்டாமலே ஏற்றினார்.

லாரி உரிமையாளர், சங்ககிரி
கே: பழைய வண்டி வாங்கும்போது விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி?
ப: கேட்காதீர்கள், சொல்லுங்கள். “நான் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்” என்று முந்தின நாளே போனில் சொல்லுங்கள். போனதும் முதல் வேலை, வணக்கம் சொல்லுமுன் எஞ்சின் மேல் கை வைப்பது. சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை அவர் காலையிலேயே கெஞ்சிக் கொஞ்சி எழுப்பியிருக்கிறார் என்று பொருள்.
மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்கள். லாரிச் சந்தையில் துண்டு தேவையில்லை, சுட்ட விரலைக் காட்டினாலே விலை இறங்கும்.

குடும்பத் தலைவி, மதுரை
கே: பழைய லாரி வாங்க நாள் நட்சத்திரம் பார்க்கலாமா?
ப: பாருங்கள். எஃப்.சி. முடியும் நாளை அதற்கு முன்னால் பாருங்கள். எட்டு வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் ஆண்டுதோறும். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுவதற்கு முன்னால், அந்தப் பழத்துக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். சகுனமும் ஆச்சு, பிரேக் டெஸ்டும் ஆச்சு.

பாடி பில்டர், நாமக்கல்
கே: (லாரிக்குத்தான் பாடி கட்டுகிறேன், ஜிம் இல்லை.) தளத்துக்கு இரும்பு செக்கர் பிளேட்டா, அலுமினியமா, மரமா?
ப: அடைப்புக்குறிக்கு நன்றி, நான் புரோட்டீன் பவுடர் சிபாரிசு செய்ய இருந்தேன்.
கணக்கைப் பாருங்கள். ஆறு மீட்டர் நீளம், 2.2 மீட்டர் அகலம், ஆறு மில்லி கனம். இரும்புத் தகடு மட்டுமே 620 கிலோவுக்குக் குறையாது. அதாவது எந்தக் காரையும் ஏற்றுமுன்பே ஒரு மாருதி 800-ஐ ஏற்றியாகிவிட்டது! அமெரிக்காவில் பழைய ரேம்ப் லாரி வாங்குபவர்கள் செய்யும் முதல் புத்திசாலித்தனம், சக்கரம் உருளும் இரண்டு தடங்களுக்கு மட்டும் தகடு வைத்து நடுப்பகுதியைத் திறந்துவிடுவது. நடுவில் ஓட்டை இருந்தால் காரின் அடியில் நின்று வேலையும் பார்க்கலாம்.
அலுமினியம் எடையில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அதே கனத்தில் அதே உறுதி வராது, கொஞ்சம் தடிமனாகப் போட வேண்டும். இரும்புச் சேஸோடு நேரடியாக உரச விட்டு மழையில் நிறுத்தினால் அலுமினியம் அரிக்கும். இடையில் ரப்பர் பட்டை வையுங்கள். மரம்? கார் ஒழுக்கும் எண்ணெய் குடித்துப் பழகிவிட்டால், ஈர நாளில் ஏற்றிய காரை அதுவே இறக்கிவிடும்.

பஞ்சர் கடைக்காரர், வேலூர்
கே: அமெரிக்கப் பழைய லாரி ரிம் ஒன்றுக்கு “விதவையாக்கி” என்று பெயராமே?
ப: ஆமாம். இரண்டு துண்டாகச் செய்து நடுவில் பூட்டிய ரிம். துரு ஏறிய பூட்டு காற்று அடிக்கும்போது விட்டுப்போனால், துண்டு பறக்கும். பக்கத்தில் குனிந்திருப்பவர் கதை அத்தோடு முடிந்தது. பெயர் வைத்தது விற்ற கம்பெனி அல்ல, காற்று அடித்தவர்கள்.
அந்தக் கால லாரிகளில் 16.5 அங்குல ரிம்மும் உண்டு. ஆபத்து குறைவு, தொல்லை வேறு: அந்த அளவில் டயர் கிடைப்பதே அபூர்வம். ஆகவே இரண்டையும் கழற்றிவிட்டு 19.5 அங்குல ஒரே துண்டு ரிம்முக்கு மாறுகிறார்கள். பாரத்துக்கென்றே செய்த டயர் கிடைக்கும். மனைவிக்கும் நிம்மதி.

கார் புரோக்கர், ஈரோடு
கே: டயர் புத்தம் புதுசு, பட்டன்கூடத் தேயவில்லை. அதை வைத்து விலை ஏற்றலாமா?
ப: டயர் பக்கவாட்டில் கடைசி நாலு எண்ணைப் படியுங்கள். 2310 என்றிருந்தால் 2010-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் பிறந்தது. ஓடாத லாரியின் டயர் தேயாது, இறுகும், வெடிக்கும். தேயாத பட்டன் பெருமைக்குரியதல்ல, லாரி ஓடவில்லை என்பதற்கு வாக்குமூலம்.

பதவி கிடைக்காத தொண்டர், சென்னை
கே: ஏற்றிவிட்டவர்களைத் தலைவர்கள் ஏன் மறந்துவிடுகிறார்கள்?
ப: இந்த வாரம் லாரி பற்றித்தான் பதில். கார் மேலே ஏறியதும் செய்யும் முதல் வேலை, ஏறுபலகையைக் கழற்றிக் கீழே செருகுவது.

டிரைவர், கள்ளக்குறிச்சி
கே: என்னிடம் கார் லைசென்ஸ்தான் இருக்கிறது. பழைய டாடா 407 மீட்பு வண்டி ஓட்டலாமா?
ப: 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது: மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன லைசென்ஸிலேயே ஓட்டலாம். 407 அந்த வரம்புக்குள். சட்டம் சரி. மேலே இருக்கும் கார் யாருடையது என்பதை நினைத்துக்கொண்டு ஓட்டுங்கள், கை தானாக நிதானமாகும்.

பட்டறை முதலாளி, சேலம்
கே: 1990-களின் 407 ஒன்றைச் சல்லிசாக வாங்கி நானே ரேம்ப் பாடி கட்டிவிட்டேன். ஆர்.டி.ஓ. ஆபீஸில் முறைக்கிறார்கள்!
ப: முறைக்காமல் மாலை போடுவார்களா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பிலிருந்து விலகி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அடிக்கோடிட்டது. ஆர்.சி. புக்கில் உள்ள பாடி வகையும் ரோட்டில் நிற்கும் பாடியும் ஒன்றாக இருக்க வேண்டும். முதலில் அனுமதி, பிறகு வெல்டிங். நீங்கள் முதலில் வெல்டிங், பிறகு கடிதம். கடிதத்தையும் எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

அதே பட்டறை முதலாளியின் தம்பி
கே: அதில் இன்னோவா ஏற்றலாமா?
ப: எடைமேடையில் கேளுங்கள். லாரியைக் காலியாக நிறுத்தி எடை பார்த்து, ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து கழித்தால், மிச்சம்தான் உங்கள் உரிமை. அண்ணன் தளத்துக்கு எத்தனை மில்லி தகடு போட்டார் என்று அப்போது தெரியும். மீறினால் அடிப்படை அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. இன்னோவாக்காரர் கொடுக்கும் வாடகை அதற்குக் காணாது.

கணினிக்காரர், ஹூஸ்டன் (மூன்றாம் கடிதம்)
கே: வாங்கிவிட்டேன்! பிரேக் முழுக்கப் புதுசு. ஆனால் 60 மைல் வேகத்திலேயே எஞ்சின் அலறுகிறது. கோளாறா?
ப: கோளாறு இல்லை, குணம். பின் அச்சில் கிரௌன்-பினியன் விகிதம் 4.88 என்று வைத்துக்கொள்ளுங்கள், 30 அங்குல டயர், டாப் கியர். 60 மைலில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,300 சுற்று. அந்தக் காலத்தில் பாரம் இழுக்கக் கட்டிய விகிதம் அது. விரைவுச்சாலையில் பக்கத்து லேனில் பாட்டி ஓட்டும் டொயோட்டா முந்தும் என்று யாரும் யோசிக்கவில்லை.
கிரௌன்-பினியனை 3.73 ஆக்கினால் சுற்று 2,500 ஆகும், ஆனால் பாரத்தோடு மேட்டில் கிளம்பும்போது கிளட்ச் புகையும். என் ஓட்டு, அச்சைத் தொடாமல் ஓவர்டிரைவ் உள்ள ஐந்து கியர் பெட்டி. முதல் கியரின் பலமும் இருக்கும், ஐந்தாவதில் காதும் பிழைக்கும். அதைப் போட கார்டன் ஷாஃப்டை அளவெடுத்து வெட்ட வேண்டும், கிளட்ச் லிங்கேஜ் மாற வேண்டும், ஷிப்ட் லிவர் வேறு இடத்தில் முளைக்கும். செலவைச் சொல்லமாட்டேன். உங்கள் மனைவியும் இந்தப் பகுதியைப் படிக்கிறார்.

டிரக் ஓட்டுநர், நியூ ஜெர்சி
கே: ஹூஸ்டன்காரர் லாரிக்கு வணிக லைசென்ஸ் வேண்டாமா?
ப: அமெரிக்காவில் அந்தக் கதவு திறப்பது 26,001 பவுண்டில். ஒரு டன் வகை லாரி சுமார் 10,000 பவுண்டிலேயே நின்றுவிடும். சொந்தக் காரைச் சொந்த ஆசைக்கு ஏற்றும்வரை நிம்மதி. கூலிக்கு ஏற்றி மாநிலம் தாண்டினால் கதை வேறு, கட்டணம் வேறு.

பொறியாளர், ஓசூர்
கே: காரை முன்னோக்கி ஏற்றுவதா, ரிவர்ஸில் ஏற்றுவதா?
ப: எது பாரமோ அது கேபின் பக்கம். எஞ்சின் முன்னால் உள்ள கார் என்றால் முன்னோக்கி. பாரம் பின் அச்சுக்குப் பின்னால் போகப் போக முன் சக்கரம் இலேசாகும். 1,500 கிலோ காரின் பாரமையம் பின் அச்சுக்கு அரை மீட்டர் பின்னால், லாரியின் அச்சிடைத் தூரம் நாலு மீட்டர் என்றால், முன் அச்சிலிருந்து ஏறத்தாழ 190 கிலோ காணாமல் போகும். ஸ்டியரிங் வெண்ணெயாக இருக்கிறதே என்று மகிழ்ந்தீர்களானால், அது பவர் ஸ்டியரிங் அல்ல, எச்சரிக்கை.

புதுமாப்பிள்ளை, திருநெல்வேலி
கே: மேலே ஏற்றிய காருக்கு ஹேண்ட் பிரேக் போட்டால் போதாதா சித்தப்பா, கட்ட வேறு வேண்டுமா?
ப: நாலு மூலையிலும் கட்டணும். சக்கரத்துக்குக் கட்டையும் வைக்கணும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்கணும். ஆட்டத்தில் பெல்ட் தளர்ந்திருக்கும். கட்டியாச்சு என்று விட்டுவிடக் கூடாது, அப்பப்போ கவனிக்கணும். பெல்ட்டைச் சொல்கிறேன்.

வின்ச் வியாபாரி, அம்பத்தூர்
கே: 4,000 கிலோ என்று பெட்டியில் போட்டிருக்கும் வின்ச் 4,000 கிலோ இழுக்கவில்லை என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருகிறார்!
ப: டிரம்மில் கம்பி ஒரே அடுக்காக இருக்கும்போதுதான் பெட்டியில் போட்ட எண். அடுக்கு ஏற ஏற இழுப்பு இறங்கும். லாரித் தளத்தில் கார் நெருங்கி வர வர அடுக்கு ஏறும். ஒரு கப்பியை இடையில் போட்டுக் கம்பியை மடக்கிக் கொண்டுவந்தால் இழுப்பு இரண்டு மடங்கு, வேகம் பாதி.
முழு இழுப்பில் 12 வோல்ட் வின்ச் 400 ஆம்பியர் வரை குடிக்கும் என்பதையும் சொல்லி விற்கவும். பழைய லாரியின் மெல்லிய வயரில் அதைக் கொடுத்தால் கார் ஏறாது, புகை ஏறும். வின்ச்சோடு தடித்த கேபிளையும் ஒரு நல்ல பேட்டரியையும் சேர்த்து விற்றால் சண்டையும் வராது, லாபமும் வரும். ஆலோசனைக் கட்டணம் வாங்குவதில்லை. தீபாவளிக்கு இனிப்பு வாங்குவேன்.

டாக்ஸி ஓட்டுநர், ஊட்டி
கே: மலை இறங்கும்போது ரேம்ப் லாரியின் பிரேக் சூடாகி மணக்கிறது. என்ன செய்யலாம்?
ப: கல்லட்டி ரோட்டில் 36 கொண்டை ஊசி வளைவு. உங்களுக்கா சொல்லித் தர வேண்டும்? ஏறிய கியரில் இறங்குங்கள். எஞ்சின் பிடிக்கட்டும், பிரேக் மூச்சு விடட்டும். மணம் வந்தபின் பிரேக் லைனிங் பற்றிப் பேசி லாபமில்லை, ஓரங்கட்டி டீ குடிக்கலாம். தண்ணீரை மட்டும் டிரம்மில் ஊற்றிவிடாதீர்கள், விரிசல் விடும்.

மின்சாரக் கார் பிரியை, பெங்களூரு
கே: என் மின்சாரக் காரை அந்தப் பழைய பெட்ரோல் லாரியா சுமக்க வேண்டும்? வெட்கமாக இல்லையா?
ப: அதற்குத்தான் அது தேவை. மின்சாரக் காரின் இயங்கு சக்கரங்களைத் தரையில் உருளவிட்டு இழுத்தால் மோட்டார் ஜெனரேட்டராகிக் கோளாறு பண்ணும். அதனால் நாலு சக்கரமும் தரையைத் தொடாமல் தளத்தில் ஏற்றச் சொல்கிறார்கள். எதிர்காலம் சார்ஜ் தீர்ந்து ஓரத்தில் நிற்கும்போது, ஐம்பது வயசு லாரி புகை விட்டுக்கொண்டு வந்து கை கொடுக்கும்.

அடிக்கடி பயணிப்பவர், கரூர்
கே: டோல்கேட்டில் மேலே இருக்கும் காருக்கும் கட்டணமா?
ப: மேலே இருக்கும்வரை அது கார் இல்லை, சரக்கு. ஆனால் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டாகை மூடி வையுங்கள். இயந்திரத்துக்குத் தத்துவம் தெரியாது.

வணிகவியல் ஆசிரியர், பாளையங்கோட்டை
கே: காரைச் சுமக்க இன்னொரு வண்டி என்ற யோசனை முதலில் யாருக்கு வந்தது?
ப: கிளீவ்லாந்தின் அலெக்ஸாண்டர் விண்டனுக்கு. 1898-இல் கார் விற்கத் தொடங்கினார். வாங்கியவர் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்தால், போய்ச் சேரும்போது அது பழைய காராகிவிடும்! அடுத்த ஆண்டே காரை ஏற்றிச் செல்ல ஒரு இழுவைவண்டி செய்தார். “ஓடாத வண்டி” என்று விளம்பரம் செய்யலாம் என்ற வசதி உலகுக்கு வந்தது அன்றைக்குத்தான்.

முன்னாள் கிளீனர், தூத்துக்குடி
கே: கவிழ்ந்த வண்டியைத் தூக்கும் லாரியைக் கண்டுபிடித்தது யார்?
ப: அமெரிக்காவின் சட்டனூகா ஊரில் பட்டறை வைத்திருந்த எர்னஸ்ட் ஹோம்ஸ், 1916-இல். நண்பரின் கார் ஓடைக்குள் கவிழ, கயிறு, கப்பி, ஆள்படை வைத்து இழுத்து அலுத்துப் போனவர், ஒரு காடிலாக் மேல் கிரேனைப் பூட்டினார். இன்று அந்த ஊரில் மீட்பு வண்டிகளுக்கென்றே அருங்காட்சியகம். வண்டி ஓட்டத் தெரியாத நண்பர் ஒருவர் போதும், முன்னுக்கு வரலாம்.

திரைப்பட ரசிகர், புதுச்சேரி
கே: ரேஸ் கார் சுமந்த லாரி சினிமாவில் நடித்ததுண்டா?
ப: இத்தாலியில் பார்த்தோலெத்தி என்ற பட்டறை ஃபியட் சேஸ் மேல் கட்டிய லாரி ஒன்று முதலில் மசெராட்டி அணிக்கு உழைத்தது; பிறகு அமெரிக்க ஸ்காரப் அணிக்கு; பிறகு ஷெல்பி கோப்ராக்களுக்கு. ஓய்வு காலத்தில் ஸ்டீவ் மெக்வீனின் 1971 “லெ மான்” படத்தில் நடித்தது. மூன்று அணி மாறிவிட்டுக் கடைசியில் சினிமா. நம்மூரில் இதைத் தலைகீழ் வரிசையில் செய்கிறார்கள்.

வரலாற்று ஆசிரியை, கும்பகோணம்
கே: உலகின் அதிவேக ரேம்ப் லாரி எது?
ப: அந்தக் காலக் கணக்கில், மெர்சிடிஸ் 1955-இல் கட்டிய நீல நிற ரேஸ் வண்டிச் சுமை லாரி. முதுகில் ஒரு கார், உள்ளே 300 எஸ்.எல். ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின், 192 குதிரைசக்தி, வேகம் மணிக்கு 170 கிலோமீட்டர்! ஜெர்மனியில் “நீல அதிசயம்” என்று பெயர். பந்தயத்தில் பழுதான காரைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்ச் சரிபார்த்து மறுபடி கொண்டுவர அந்த அவசரம்.
1967-இல் அதே கம்பெனி அதை உடைத்துக் காயலான் கடைக்கு அனுப்பியது. பிறகு அருமை தெரிந்து, பழைய படங்களையும் வரைபடங்களையும் வைத்து ஆண்டுக்கணக்கில் உழைத்து 2001-இல் புதிதாக ஒன்று கட்டியது. 1967-இல் கையெழுத்துப் போட்ட அதிகாரி அந்த விழாவுக்கு அழைக்கப்பட்டாரா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

சிறுவன், குரோம்பேட்டை
கே: சித்தப்பா, இவ்வளவு பேசுகிறீர்களே, உங்களிடம் என்ன வண்டி இருக்கிறது?
ப: மாநகரப் பேருந்து. தளம் தாழ்ந்தது, ஏற ரேம்ப் உண்டு, பிரேக் பிடிக்க ஆள் உண்டு. மூத்த குடிமக்கள் டோக்கன் தீர்ந்துபோகும் மாதக்கடைசியில் மட்டும் நடை.